மக்களை நடத்துபவர் என்பது வசைச்சொல்லா?

மேடைமீது ஏறுகிறான் ஒருவன். தோளிலே கிடக்கும் ஆடை நழுவுகிறது. வீசிப் பேச இடைஞ்சலாக இருக்கிறது. இழுத்து இடுப்பிலே வரிந்து கட்டிக்கொள்கிறான். கை நீளுகிறது. குரல் உயருகிறது. குன்றின் சரிவிலே உட்கார்ந்திருக்கும் குயவன், கொல்லன், கப்பலிலே துடுப்பு வலிக்கும் கூலியாள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பரம்பரைச் சீமான்களோ முகம் சுளிக்கிறார்கள். “இதென்ன கூச்சல்! அவையிலே நிற்கிற முறையா இது? இவனெல்லாம் பேச வந்துவிட்டானே!”

இடம், ஏதென்ஸ் நகரத்துப் பினிக்ஸ் குன்று. காலம், கி.மு. 5-ஆம் நூற்றாண்டு. பேசுகிறவன் பெயர் கிளியோன். தோல் பதனிடும் பட்டறைக்காரன். அவன் ஆடையை வரிந்து கட்டிக்கொண்டு பேசியதையும், மேடையிலே முதன்முதலாகக் கத்தியவனும் ஏசியவனும் அவனே என்பதையும், மற்றவர்களெல்லாம் அடக்க ஒடுக்கமாகப் பேசியதையும் மறவாமல் எழுதி வைத்திருக்கிறது ஒரு நூல். ‘ஏதென்ஸ் நாட்டு அரசியலமைப்பு’ என்பது அதன் பெயர்; அரிஸ்டாட்டில் பெயரால் வழங்குவது. நெடுங்காலம் காணாமற்போய், எகிப்து நாட்டு மண்ணிலிருந்து கோரைத்தாள் சுருளாகக் கிடைத்து, 1891-லே இலண்டனில் அச்சாயிற்று. அரசியலைப் பற்றிய நூலிலே ஆடை கட்டிய முறைக்கும் இடம் கிடைத்ததே, ஏன் என்று எண்ணிப் பாருங்கள் தோழர்களே!

கிளியோனையும் அவனைப் போன்றோரையும் குறித்த கிரேக்கச் சொல் ‘டெமாகோகோஸ்’. அந்தச் சொல்தான் நாளடைவில் ஆங்கிலத்தில் குடியேறி ‘டெமகாக்’ ஆயிற்று. ஆங்கில ஏடு புரட்டும் தோழர்கள் அதைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் பேச்சைக் கேட்க ஊரே திரண்டுவிட்டால், அதைக் கண்டு பொறாத தலையங்கக்காரர் தேடி எடுத்து எறிகிற கல் அது. பொய்யும் புளுகும் கலந்து, மக்களின் அச்சத்தையும் வெறுப்பையும் கிளறிவிட்டு, அதிலே தன் செல்வாக்கைப் பயிரிட்டுக்கொள்பவன் என்று பொருள் கூறுவார்கள்.

பொருள் இருக்கட்டும். சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘டெமோஸ்’ என்றால் மக்கள். ‘ஆகோகோஸ்’ என்றால் அழைத்துச் செல்பவர், நடத்துபவர். மக்களை நடத்துபவர்! எங்கே இருக்கிறது இதிலே வசை? ‘டெமாக்ரசி’ என்று உலகமே வாயாரச் சொல்லுகிறதே, அதன் முற்பாதியிலே இருக்கிற டெமோஸ்தான் இங்கேயும் இருக்கிறது.

பிற்பாதிக்கும் உறவினர் உண்டு. ஏதென்ஸ் நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போய்த் திரும்ப அழைத்து வருவது ஓர் அடிமையின் வேலை. அந்த அடிமைக்குக் கிரேக்கர் இட்ட பெயர், பிள்ளையை நடத்துபவர் என்பது. அது ஆங்கிலத்துக்கு வந்து ‘பெடகாக்’ ஆகி, ஆசிரியரைக் குறிக்கலாயிற்று. கொஞ்சம் கேலி கலந்துதான் சொல்லுவார்கள் என்றாலும், ஆசிரியர் ஆசிரியர்தானே! பிள்ளையை நடத்திய அடிமையின் பெயர் ஆசிரியர் என்று ஏறிற்று. மக்களை நடத்தியவரின் பெயர் புரட்டர் என்று இறங்கிற்று. சொற்களுக்குள்ளும் இப்படி ஏற்ற இறக்கம்!

தொடக்கத்திலேயே அது ஏசலாக இருந்ததா? இல்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலே ஐசாக்ரடீஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியர், பெரிக்ளிசைப் புகழ்ந்து எழுதுகிறபோது அவரை நல்ல டெமாகோகோஸ் என்றே குறிப்பிட்டார். ‘நல்ல’ என்று அடைமொழி சேர்க்க முடிகிறதென்றால், சொல்லிலே இன்னும் முழுதாக நஞ்சு ஏறவில்லை என்றுதானே பொருள்? அதே நூற்றாண்டிலே அரிஸ்டாட்டில் வேறுவிதமாக எழுதினார். கொடுங்கோலன் அரண்மனையிலே முகத்துதி பாடுபவன் எப்படியோ, மக்களாட்சியிலே டெமாகோகோஸ் அப்படி என்றார். இரண்டு பொருளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. வென்றது இரண்டாவது.

ஏன் வென்றது? பெரிக்ளிஸ் பெருங்குடியிலே பிறந்தவர். அவர் காலம் வரையிலே ஏதென்சை நடத்தியவர்கள் பெரும்பாலும் நிலமும் குலப்பெருமையும் உள்ள குடும்பத்தார். கி.மு. 429-லே கொள்ளைநோயிலே அவர் மாண்டார். அதன் பிறகு மேடை ஏறியவர்கள் யார்? தோல் பட்டறைக் கிளியோன். பிறகு, விளக்குச் செய்து விற்ற ஹைபர்போலஸ். அங்காடித் தெருவின் வாடை அடிக்கிற பெயர்கள்! அதற்கு முன்னேயும் மக்களை ஒருவர் நடத்தத்தான் செய்தார். அப்போது யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

நில்லுங்கள். மேலே எழுதியதை ஒருமுறை திருப்பிப் படித்துப் பார்த்தோம். பெரிக்ளிசை ‘அவர்’ என்றும் கிளியோனை ‘அவன்’ என்றும் நமது பேனாவே எழுதிவிட்டிருக்கிறது! சீமான் என்றால் ‘ர்’, பட்டறைக்காரர் என்றால் ‘ன்’. இருபத்து நான்கு நூற்றாண்டு ஏசல் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு வெளியிலே சான்று தேட வேண்டாம். இனி கிளியோனும் ‘அவர்’தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். கிளியோன் கூலித் தொழிலாளி அல்லர். பட்டறை முதலாளி, பணம் படைத்தவர். அந்நாளைய பட்டறைகளிலே அடிமைகளே உழைத்தார்கள். மக்களவையிலே அடிமைக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவருக்கும் இடமில்லை. ஏதென்சின் டெமோஸ் அவ்வளவு சிறியது. அந்தச் சிறிய டெமோசுக்கு உள்ளேகூட, கைத்தொழிலால் பிழைப்பவன் பேச எழுவதை மேட்டுக்குடியாரால் பொறுக்க முடியவில்லை என்பதுதான் கதை.

கிளியோன் செய்த ‘குற்றங்களிலே’ முதலாவது, கூலி. ஏதென்ஸ் நகரத்து வழக்குமன்றங்களிலே நீதி வழங்கியவர்கள் குடிமக்களே. ஆண்டுதோறும் 6,000 பேரைக் குலுக்கலிலே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வார்கள். வேலையை விட்டுவிட்டு நாள் முழுதும் வழக்குக் கேட்க ஏழையால் ஆகுமா? அடுப்பு எரிய வேண்டாமா? அதற்காக நாட்கூலி ஏற்படுத்தியவர் பெரிக்ளிஸ். 2 ஒபோலாக இருந்ததை 3 ஆக உயர்த்தியவர் கிளியோன். அந்த நூற்றாண்டின் இறுதியிலே கோயில் திருப்பணியிலே வேலை செய்த கைவினைஞருக்கு நாள் ஒன்றுக்கு 6 ஒபோல் கூலி. ஆக, நீதிமன்றத்திலே உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது பாதிக் கூலி. அரை வயிற்றுக் கஞ்சி! இதைத்தான் ‘மக்களுக்கு இலஞ்சம்’ என்றார்கள். பிளேட்டோ ஒருபடி மேலே போனார். கூலி கொடுத்து ஏதென்ஸ் மக்களைச் சோம்பேறிகளாகவும் வாயாடிகளாகவும் ஆக்கிவிட்டார் பெரிக்ளிஸ் என்று ஒரு பேச்சு உண்டென, தம் நூலிலே சாக்ரடீசின் வாயிலாக எழுதி வைத்தார். நிலத்து வருவாயிலே வாழ்பவர் நாள் முழுதும் பேசினால் தத்துவம். தோல் தைப்பவர் பேசினால் வாயாடித்தனம்!

ஆனால், கிளியோனைக் குற்றமற்றவர் என்று காட்ட நாம் எழுதவில்லை. அப்படி எழுதினால் நாமும் புரட்டரே ஆவோம். கி.மு. 427. லெஸ்போஸ் தீவிலே மிட்டிலீன் என்ற நகரம் ஏதென்சின் பிடியை உதறக் கிளர்ந்தது, தோற்றது. என்ன செய்வது அந்நகரத்தாரை? வயது வந்த ஆண்கள் அனைவரையும் கொல்வது, பெண்டு பிள்ளைகளை அடிமைகளாக விற்பது என்று முடிவாயிற்று. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கிளியோன். கட்டளை தாங்கிய கப்பல் புறப்பட்டுவிட்டது.

இரவு உறக்கம் வரவில்லை போலும் ஏதென்ஸ் மக்களுக்கு. ஒரு சிலர் செய்த குற்றத்துக்கு ஊரையே வெட்டுவதா என்று நெஞ்சு உறுத்திற்று. மறுநாளே அவை மீண்டும் கூடிற்று. இரக்கம் கூடாது, ஆள்பவருக்கு அது அழிவு என்று மீண்டும் முழங்கினார் கிளியோன். டயோடோடஸ் என்பவர் எழுந்து மறுத்துப் பேசினார். கைகள் உயர்ந்தன. எண்ணிக்கையிலே மிகச் சிறிய வேறுபாடு, கிளியோன் தோற்றார். ஏற்கெனவே ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போய்விட்ட கப்பலைப் பிடிக்க இன்னொரு கப்பல் விரைந்தது. துடுப்பு வலித்தவர்கள் கையை எடுக்கவில்லை. எண்ணெயும் மதுவும் விட்டுப் பிசைந்த பார்லி மாவை வலித்துக்கொண்டே வாயிலே போட்டுக்கொண்டார்கள். முறை வைத்துத்தான் கண்ணயர்ந்தார்கள். முதற் கப்பலோ, போகிற வேலை கொடுமையானது என்பதாலே மெல்லவே போயிற்று. கட்டளை படிக்கப்பட்டு, அதை நிறைவேற்றத் தொடங்குகிற தறுவாயிலே இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. நகரம் பிழைத்தது. எனினும், கிளர்ச்சியின் தலைவர்கள் என்று பிடிபட்ட ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் கிளியோன் தீர்மானப்படியே கொல்லப்பட்டனர் என்று தூசிடிடீஸ் எழுதுகிறார். அந்தக் குருதியைக் கிளியோன் கையிலிருந்து கழுவ நம்மிடம் தண்ணீர் இல்லை.

ஆனால் ஒன்று. அந்தக் கும்பல்தான், வெறும் பேச்சிலே மயங்குகிற கூட்டம் என்று ஏசப்பட்ட அந்தக் கும்பல்தான், ஒரே நாளிலே தன் தவற்றைத் தானே உணர்ந்து திருத்திக்கொண்டது. மன்னர்களிடம் இதைப் பார்த்தது உண்டா?

கிளியோனைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதிலே பெரும்பகுதி இருவர் எழுதியது. ஒருவர் தூசிடிடீஸ். தங்கச் சுரங்கத்திலே உரிமை உடையவர், படைத்தலைவர். கி.மு. 424-லே ஆம்பிபோலிஸ் நகரம் பகைவர் கையிலே விழுந்துவிட, அதற்காக இருபதாண்டு நாடு கடந்து வாழ நேர்ந்தது. அந்தத் தண்டனைக்குக் கிளியோனே காரணம் என்று பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று கூறுகிறது. மற்றவர் நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸ். அவர்மீது கிளியோன் முன்னே ஒருமுறை புகார் தொடுத்திருந்தார். நாடகக்காரரைப் புகாரால் அடக்கப் பார்ப்பது தலைவருக்கு அழகல்ல, வாங்கிக் கட்டிக்கொண்டார். கி.மு. 424-லே ‘குதிரைவீரர்’ என்ற நாடகம் மேடையேறிற்று. அதிலே டெமோஸ் என்றொரு கிழவர், வீட்டு எசமானர். அவரை ஏமாற்றிப் பிழைக்கும் அடிமையாகக் கிளியோன். அவரை வெல்ல வருகிறவன், தெருவிலே இறைச்சிப் பண்டம் விற்பவன். படிப்பில்லை, பண்பில்லை, குரல் மட்டும் பெரிது. ஆகவே அரசியலுக்கு ஏற்றவன் நீதான் என்று அவனை அழைத்து வருகிறார்கள்! நாடகத்துக்கு முதற் பரிசு கிடைத்தது. வயிறு குலுங்கச் சிரித்த அதே மக்கள், சில திங்கள் கழித்துக் கிளியோனைப் படைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நகைச்சுவைக்குக் கைதட்டு, வாக்கு வேறு கணக்கு.

ஒருவர் பகைவர், மற்றவரும் பகைவர். இவ்விருவர் ஏட்டை வைத்துத்தான் பின்னாளைய உலகம் தீர்ப்பு எழுதிற்று. கிளியோன் தாமே எழுதி வைத்த ஒரு வரியும் இல்லை. கி.மு. 422-லே அதே ஆம்பிபோலிசிலே போர்க்களத்திலே மாண்டார்.

இனிக் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போவோம். 1649, சனவரி 30. மன்னர் முதலாம் சார்லசின் தலை வெட்டப்பட்டது. ஈரம் காயுமுன்னே ஒரு நூல் வெளிவந்தது. அரசரின் திருவுருவம் என்று பொருள்படும் கிரேக்கத் தலைப்பு. மன்னரே எழுதியதாக வந்தது. பாதிரியார் ஒருவர் கைவண்ணம் அதிலே மிகுதி என்பர் ஆராய்ச்சியாளர். ஓராண்டிலே முப்பதுக்கு மேற்பட்ட பதிப்புகள்! அதிலே, இலண்டன் தெருக்களிலே மக்கள் திரண்டு ஆர்ப்பரித்ததற்கு யார் காரணம் என்று சொல்லுகிற இடத்திலே ‘டெமகாக்’ என்ற சொல் எடுத்து வீசப்பட்டது.

பதில் எழுதும் பொறுப்பு, புதிய குடியரசின் அயல்மொழிச் செயலாளராக இருந்த கவிஞர் மில்டனுக்கு வந்தது. அதே ஆண்டு அவர் வெளியிட்ட மறுப்பு நூலின் தலைப்பும் கிரேக்கம்: உருவத்தை உடைப்பவர்! மன்னரின் அந்தச் சொல்லைக் கண்டதும் மில்டனுக்குச் சினம் பொங்கிற்று. இது குழந்தைகளைப் பயமுறுத்தும் பூச்சாண்டிச் சொல் என்றார். காசு அடித்து நாட்டிலே செலாவணி ஆக்க மன்னருக்கு அதிகாரம் உண்டு. ஆங்கிலத்திலே புதுச்சொல் அடித்துச் செலாவணி ஆக்க இல்லை என்ற கருத்துப்பட எழுதினார். மில்டனுக்குக் கிரேக்கம் தெரியாதா? கரைத்துக் குடித்தவர். தெரிந்ததாலேதான் சினந்தார், மூலத்திலே வசையில்லாத சொல்லை வசையாக இறக்குமதி செய்கிறார்களே என்று!

மில்டன் வாதத்திலே வென்றிருக்கலாம். சொல் என்னவோ செலாவணி ஆகிவிட்டது. அமெரிக்கா புதிதாக விடுதலை பெற்று, அரசியல் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று வழக்காடிய 1787-லே ஹாமில்டன் எழுதிய முதற் கட்டுரையிலேயே இந்தச் சொல் வருகிறது. குடியரசுகளைக் கவிழ்த்தவர்களிலே மிகப் பலர் டெமகாக்காகத் தொடங்கிக் கொடுங்கோலராக முடிந்தவர்கள் என்று எச்சரித்தார். அதிலே உண்மை இல்லாமலில்லை.

ஆனால் எந்தத் தலையிலே அது அதிகம் விழுந்தது? 1819, ஆகஸ்ட் 16. மான்செஸ்டரிலே செயின்ட் பீட்டர் திடல். ஆலைத் தொழிலாளரும் நெசவாளரும் குழந்தை குட்டிகளோடு ஏறத்தாழ 60,000 பேர் கூடியிருந்தார்கள். கேட்டது என்ன? வாக்குரிமை. அவ்வளவு பெரிய நகரத்துக்கு நாடாளுமன்றத்திலே தனக்கென்று ஓர் உறுப்பினர்கூட அன்று இல்லை. பேச வந்தவர் ஹென்றி ஹன்ட். மேட்டுக்குடியார் கண்ணுக்கு அவர்தான் டெமகாக். பேச்சு முடியுமுன்னே குதிரைப்படை கூட்டத்திலே புகுந்தது. 18 பேர் மாண்டனர். காயமுற்றோர் பல நூறு. வெட்டியவர்களுக்குத் தண்டனை இல்லை. ஹன்டுக்கு இரண்டரை ஆண்டுச் சிறை. மக்களைத் தூண்டிவிட்டவர் அல்லவா!

அந்நாளிலே இங்கிலாந்துச் செல்வர் வீட்டுப் படிப்பறைகளிலே இருந்த கிரேக்க வரலாறு, மிட்ஃபோர்டு என்பவர் எழுதியது. மக்களாட்சி என்றாலே கசப்பு அவருக்கு. ஏதென்சைப் பார், கும்பலாட்சியின் கதியைப் பார் என்பது அவர் பாடம். அதற்கு மறுப்பு எழுதியவர் பல்கலைக்கழகத்து அறிஞர் அல்லர். 16 வயதிலே படிப்பை விட்டுத் தந்தையின் வங்கியிலே கணக்கு எழுதப் போன ஜார்ஜ் குரோட். கிரேக்கப் படிப்பைத் தாமே முயன்று தொடர்ந்தார். 1846 முதல் 1856 வரையிலே பன்னிரண்டு தொகுதிகளாகக் கிரேக்க வரலாறு எழுதினார். அதிலே கிளியோனுக்காக வாதாடினார். ஆட்சியிலே இருப்பவரைத் தட்டிக் கேட்கிற எதிர்க்கட்சிப் பேச்சாளரின் வேலையைச் செய்தவர் அவர். அவரைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய பகைவர்கள் என்று எடுத்துக்காட்டினார். மிட்டிலீன் கொடுமையை அவரும் மூடி மறைக்கவில்லை. நாடாளுமன்றத்திலே இருந்த நாளிலே ஆண்டுதோறும் எழுந்து இரகசிய வாக்குமுறை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து, ஆண்டுதோறும் தோற்றவர் இந்தக் குரோட். 1871-லே மறைந்தார். சட்டம் 1872-லே வந்தது. நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் வர 1911 ஆயிற்று. ஆண்டுக்கு 400 பவுன். கிளியோனின் மூன்று ஒபோலுக்கு உறவுதான் அது.

இப்படியெல்லாம் சொல்லுவதாலே, அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை என்று நாம் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். 1950-லே அமெரிக்க மேலவை உறுப்பினர் மெக்கார்த்தி ஒரு காகிதத்தை ஆட்டிக்காட்டி, அரசாங்க அலுவலகத்திலே கம்யூனிஸ்டுகள் பட்டியல் இதோ என்றார். மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் நான்காண்டு நாட்டையே நடுங்க வைத்தார். 1954 டிசம்பரிலே மேலவையே 67-க்கு 22 என்ற வாக்கிலே அவரைக் கண்டித்தது. அவரை டெமகாக் என்றார்கள், பொருந்தியது. அவர் யாருக்காகக் கூலி உயர்வு கேட்டார்? யாருக்காக வாக்குரிமை கேட்டார்?

அந்த வேட்டை நாளிலே, மெக்கார்த்தியின் குழு அல்லாத இன்னொரு மேலவைக் குழு, மோசஸ் ஃபின்லி என்ற பேராசிரியரைக் கூப்பிட்டு, நீர் கம்யூனிஸ்டா என்று கேட்டது. விடை கூற மறுத்தார். 1952 இறுதியிலே வேலை போயிற்று. இங்கிலாந்து சென்றார், கேம்பிரிட்ஜிலே பேராசிரியரானார். 1962-லே அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு: ‘ஏதென்ஸ் நகரத்து டெமகாக்குகள்’. அவர் சொன்னதன் சாரம் இது. அவர்கள் ஏதென்சின் நோயல்லர். அந்த ஆட்சி இயங்கத் தேவையான உறுப்பு. கட்சியில்லை, நிலையான பதவியில்லை. ஒவ்வொரு நாளும் மக்கள் முன்னே நின்று, காரணம் காட்டி, வாக்கை வெல்லவேண்டும். தோற்றால் அபராதம், நாடு கடத்தல், உயிருக்கே இறுதி. கிளியோனுக்கு மட்டுமல்ல, பெரிக்ளிசுக்கும் அதே மேடை, அதே கத்தி. ஆகவே பெரிக்ளிசும் அந்தச் சொல்லுக்கு உரியவரே. பேசுகிற தோரணையைக் கொண்டு ஒருவரை நல்லவர் என்றும் மற்றவரைக் கெட்டவர் என்றும் பிரிக்கமுடியாது. செய்ததைக் கொண்டுதான் பிரிக்கவேண்டும் என்றார்.

இன்றும் அமெரிக்காவிலே அச்சொல்லை வினையாகவே வழங்குகிறார்கள். எதிராளி பேசியதை ‘டெமகாக் செய்துவிட்டார்’ என்று ஏடுகள் எழுதுகின்றன. அந்நாட்டில் பெயர்பெற்ற அகராதி ஒன்றிலே இச்சொல்லுக்கு இரண்டு பொருள் தரப்பட்டிருக்கிறது. முதலாவது, தப்பெண்ணத்தையும் பொய் வாக்குறுதியையும் கொண்டு அதிகாரம் தேடுபவர். இரண்டாவது, எளிய மக்களின் பக்கம் நின்று போராடிய தலைவர். அதற்கு மட்டும், பழங்காலத்திலே என்று ஒரு வேலி போட்டிருக்கிறார்கள்.